மிதிக்காத கால்

15 அக்டோபர் 1996, செவ்வாய்

மழை விட்டது. குப்பம் முழுக்கச் சேறு. எல்லோரும் தூங்கிய பிறகு, தெரு விளக்கு வெளிச்சத்தில்.

அண்ணனுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. டெங்குவாம். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னது: மண்ணீரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் அடி, அழுத்தம் கூடாது, வலித்தால் உடனே வரவேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா, "மண்ணீரல்னா இன்னாடி?" வீட்டில் அறிவியல் புத்தகத்தைக் காட்டினேன். இடது விலாவுக்குக் கீழே.

"இத்தினூண்டு கீது. இதுக்கா இவ்ளோ பயம்?"

எனக்குப் பயம்தான்.

நாளை மறுநாள் கணக்கு டெஸ்ட். சீருடை காயவில்லை. கஞ்சிக்கு நொய் வாங்கணும்.

17 வியாழன், ஆஸ்பத்திரி வராந்தா

கணக்கு டெஸ்ட் சுமார்.

சாயங்காலம் அண்ணன் இடது தோள் வலிக்கிறது என்றான். வயிறும் கொஞ்சம்.

"வலை இழுக்கிற தோளு. சுளுக்கிக்கினு கீது" என்றார் நைனா.

அவன் வலையைத் தொட்டே எத்தனை நாளாகிறது. யாருக்கும் தோன்றவில்லை.

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். நான் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று தெருவில் பாதிப் பேர் என்னிடம் முதுகைக் காட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் மிட்டாய் கிடைக்கும். இப்போது வெட்கம்.

அண்ணன் பாயில் குப்புறப் படுத்துவிட்டான். "ஏறுடி" என்றாள் அம்மா.

அவன் வயிறு தரையில். நான் ஏறினால்?

"மாட்டேன்."

"அண்ணன் மேல கோவமா உனுக்கு?"

"வயித்துல அழுத்தக் கூடாதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சுளுக்குக்கு ஆஸ்பத்திரியா? குப்பமே சிரிக்கும்" என்றார் நைனா.

அம்மா அறைந்தாள். கன்னம் இன்னும் எரிகிறது. நான் சொன்னது தப்பாக இருந்தால்? ஆனாலும் காலைத் தூக்கவில்லை. உட்கார்ந்து அண்ணனை மெல்லப் புரட்டினேன். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுப்பு. அவன் கையைப் பிடித்து அம்மாவின் கையில் வைத்தேன். ஜில்லென்று. அதற்குப் பிறகு ஆட்டோவுக்கு ஓடியது அம்மாதான்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம். தோள் வலியும் அதனால்தானாம். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ரத்தம் கொடுக்கப் படகுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர், "கடல்ல வுழுந்தே சாவாதவன், கொசு கடிச்சா சாவப்போறான்?" யாரும் சிரிக்கவில்லை.

பிழைப்பான். பிழைக்க வேண்டும். அழக்கூடாது. அம்மாவுக்கு டீ வாங்கணும்.

20 ஞாயிறு

வெயில். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். நேற்றே கண் விழித்தான், இன்று பேசினான்.

அம்மா டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அறைந்ததைத் தவிர. டெங்குவில் இப்படி ஆவது அபூர்வமாம். "மேல ஏறி மிதிச்சிருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டான்" என்றார்.

அண்ணன் என் காலைப் பார்த்தான். "பத்ரமா வெச்சுக்கோ அத."

சிரித்தால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் அதட்டல்.

வாங்க: ரொட்டி, ஆரஞ்சு, ஃபிளாஸ்க்.

துணி எடுக்க நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு ராணி அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பாப்பாவ ரெண்டு மிதி மிதிக்கச் சொல்லேன்."

நான் எழுந்தேன். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அவளுக்குப் பரீட்சை கீது. நீ டாக்டராண்ட போ."