அப்பாவின் சந்தைப் பை

கருமத்தம்பட்டி
9-8-1964

அன்பு மகன் ஈஸ்வரமூர்த்திக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கன்று போட்ட செவலை மாடும் தோட்டத்து ஆட்களும் நன்றாக இருக்கிறோம், கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. நீயும் பம்பாயில் சுகம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை மட்டும் இனி அப்படியே நம்புவதாக இல்லை கண்ணு. லீவில் வந்த உன் அறைக்காரப் பையன் திருமூர்த்தி முந்தாநாள் பார்க்க வந்தான். காப்பி கொடுத்து உன்னைப் பற்றிக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டே, 'கோவிச்சுக்காதீங்கம்மா, அவனுக்குச் சர்க்கரை இருக்குதுன்னு மில்லு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க, மாத்திரை திங்கறானுங்க, உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டானுங்க' என்றான். இதே சர்க்கரையால் உங்க அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அவர் படுத்திருந்த கட்டிலை நான் இன்னும் சுவரோரம் சாய்த்துக்கூட வைக்கவில்லை.

அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, அங்கே நீங்கள் என்ன ஆக்கித் தின்கிறீர்கள், கடைக்கு யார் போகிறது என்று அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உங்கள் தெருக் கடையில் கம்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம், மராட்டிக்காரர்கள் அதில்தான் ரொட்டி தட்டுகிறார்களாம், நீ அந்தப் பக்கம் திரும்பாமல் வெள்ளை அரிசியாகத் தேடி வாங்குகிறாயாம். அரிசியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன பிறகுமா என்றேன். 'கிணத்துக்கு மோட்டார் வெச்ச ஊட்டுப் பையன் கம்பு வாங்கறான்னு நம்மூர்ப் பசங்க சிரிப்பாங்களாமுங்க' என்றான். உங்க அப்பாவே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

நீ அங்கே இருந்ததால் உனக்குத் தெரியாது. கோயமுத்தூர் டாக்டர் அவரிடமும் இதைத்தான் சொன்னார், அரிசிச் சோற்றைக் குறையுங்கள், கம்போ ராகியோ கோதுமையோ அளவாகச் சாப்பிடுங்கள், இனிப்பே கூடாது என்று. கிணற்றுக்கு மோட்டார் வந்ததிலிருந்து நாம் கம்பு விதைப்பதை விட்டுப் பருத்திக்குப் போய்விட்டோம், கம்பு வேண்டுமென்றால் சந்தையில்தான் வாங்கவேண்டும், நம் வீட்டில் சந்தைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். வாரா வாரம் கம்பு வாங்கி வருகிறேன் என்று போவார், தோளில் வெள்ளை அரிசியோடு வருவார். கேட்டால், 'அத்தனை சனம் பாக்கறப்ப என்னையக் கம்பு மூட்டைகிட்டப் போய் நிக்கச் சொல்றயா, தோட்டம் கடன்ல முழுகிப்போச்சும்பாங்க' என்பார். ஆளை விட்டு வாங்கினாலும் நம் வீட்டுக்கென்று தெரிந்துபோகுமாம். காலில் முள் குத்தின புண் ஆறாமலே அவரைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அவர் மானஸ்தர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மானத்தைச் சோற்று வட்டிலுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை.

அதனால் நேற்றுச் சந்தைக்கு நானே போனேன். வருஷம் திரும்பு முன்னால் வெள்ளைச் சேலையோடு வந்துவிட்டாள் என்று பார்க்கிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். தானியம் விற்கிற மாசாணம் நான் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்து, 'அரிசி அந்தப் பக்கமுங்க' என்று கையைக் காட்டினான். எனக்குக் கம்புதான் வேண்டும், கல் இல்லாமல் அள என்றேன். பின்னால் நம் பங்காளி வீட்டு ராசாத்தாள், உன் சின்னம்மாதான், நாலு பேர் கேட்க, 'ஏனுங்கக்கா, கம்பு கோழிக்குங்களா ஆளுக்குங்களா?' என்றாள். எனக்கு எங்கிருந்துதான் சத்தம் வந்ததோ, 'ஆளுக்குத்தான் அம்மணி. எங்கூட்டுக்காரரு நெல்லஞ்சோறு தின்னு கவுரவமாப் போய்ச் சேந்துட்டாரு, எம்பட மகன் கம்பு தின்னுட்டு உசுரோட இருக்கட்டும்' என்றேன். மாசாணம் படியை எடுத்துக் கம்பை அளக்க ஆரம்பித்தான். வேடிக்கை என்னவென்றால் பொழுது சாய அதே ராசாத்தாள் கொல்லைப்புறமாக வந்து, 'அக்கா, இவிகளுக்கும் ஒரு மாசமாத் தண்ணித் தாகம் தாங்கறதில்லீங்க, உள்ளங்கால் எரியுதுங்கறாங்க, யாருக்கும் தெரியாண்டாம், முந்தானையில ஒரு படி கம்பு போடுங்க' என்றாள். தரமாட்டேன், முதலில் உன் வீட்டுக்காரரை டாக்டரிடம் கூட்டிப்போ, கம்பை வருகிற சந்தையில் என்னோடு வந்து வாங்கு என்றேன். 'சிரிப்பாங்களேக்கா' என்றாள். 'ரெண்டு பேராப் போனா ஆளுக்குப் பாதிச் சிரிப்புத்தானே' என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வாரனுங்க என்று சொல்லிப் போனாள்.

இனி உனக்குச் சொல்கிறேன், கவனமாகப் படி. வெறும் வயிற்றோடு கடைக்குப் போகாதே, உங்க அப்பா பசியோடு சந்தைக்குப் போன நாளெல்லாம் ஜிலேபிப் பொட்டலத்தோடுதான் வந்தார். முதலில் கீரையும் அவரைக்காயும் வாங்கிப் பையை நிரப்பு, அப்புறம் மற்றதுக்கு இடம் இருக்காது. வனஸ்பதியில் பொரித்த பலகாரம் வேண்டாம், கடலெண்ணெயும் கொஞ்சமாக ஊற்று. அரிசி வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் தவிடு போகாத அரிசியாகக் கேள், பார்வைக்கு வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. நாட்டுச் சர்க்கரை நல்லது என்று யாராவது சொல்வார்கள், நம் உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான் என்று அந்த டாக்டர் என் காதுபடச் சொன்னார். கம்பையும் அளந்துதான் சாப்பிடவேண்டும், கம்பு தின்கிறேனே என்று மாத்திரையை விட்டுவிடாதே. செருப்பில்லாமல் நடக்காதே, தினம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்.

இன்று சொல்லிக்கொண்டு போக வந்த திருமூர்த்தியிடம் நேற்று வாங்கின கம்பைக் கொடுத்து அனுப்பவில்லை, அதை இங்கே நானே ஆக்கிக்கொள்கிறேன். அவன் கேட்டான், நான்தான் மாட்டேன் என்றேன். உங்க அப்பாவின் சந்தைப் பையைத் துவைத்துக் காயப்போட்டு, வெறும் பையாகக் கொடுத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு உன் தெருக் கடைக்கு நீயே போ. நம்மூர்ப் பையன்கள் பக்கத்தில் நிற்கும்போதே கம்பு வேண்டும் என்று சத்தமாகக் கேள். அவர் அந்தப் பையைக் கொண்டு அவ்வளவு தூரம் போய், கேட்காமல் திரும்பி வந்தார். நீ கேட்டுவிடுவாய், எனக்குத் தெரியும்.

அண்ணமார் சாமி உன்னைக் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. அப்பாவின் வருஷத் திதிக்கு லீவு சொல்லிவை. படையலுக்கு என்ன ஆக்குவது என்று இப்போதே கேட்கிறார்கள், கம்பஞ்சோறு என்று சொல்லிவிட்டேன். நீ வந்து உன் கையால் வைக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
தெய்வாத்தாள்