அமுக்காத பொத்தான்

ஆவணி 12, வியாழன்

கை நடுக்கத்துக்காக நேற்று எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தேன். படத்தில் மூளையைப் பார்த்தபடியே ஒலி அலைகளால் நடுக்கத்தை உண்டாக்கும் ஒரு புள்ளியைச் சுட்டுப் பொசுக்கினார்கள். “உதடு மரத்தா பொத்தானை அமுக்குங்க அண்ணாச்சி, சுடுற இடத்தை மாத்திருவோம்” என்றிருந்தார் டாக்டர். மரத்தது. அவர் வேலையைக் கெடுப்பானேன் என்று அமுக்காமல் கிடந்தேன். துறைமுகத்தில் கடலின் ஆழத்தை அரை அடி பிசகாமல் எழுதிக் கொடுத்தவன் நான்! இதை மறைத்துவிட்டேன். தூ.

நடுக்கம் நின்றுவிட்டது. காலையில் மனைவி சிரித்தாள். “காப்பி நாடி வரைக்கும் வடியுது. கைப்பிள்ளைக்குக் கட்டுத மாதிரி துண்டு கட்டிவிடவா?” வடிந்தது எனக்குத் தெரியவேயில்லை.

சாயங்காலம் டாக்டர் போனில் கேட்டார். “மரப்பு இருந்தா மறைக்காதீங்க. இப்பவே மருந்து கொடுத்தா சரியாகலாம்.”

“ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்” என்றேன். சொல்லும்போதே எச்சில் சட்டையில் சொட்டியது.