டியர் மிஸ்டர் ஏ/எல்

1998 நவம்பர் 10, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பீச் ஸ்ட்ரீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். புதுச் செருப்பு போச்சு.

ஆபீஸ் ஈமெயில் பதினொன்று. உருப்படியானவை நான்கு, மீதி குப்பை. குப்பையைக் கண்டுபிடிக்க முதல் வரி போதும். எனக்கு வந்தது: "டியர் மிஸ்டர் ஏ/பி". தேவகி ஏ/பி முத்தையா என்றால் மலாய் வழக்கப்படி முத்தையாவின் மகள் தேவகி என்று அந்த மடையனுக்கு யார் சொல்வது? ஆம்பளையாக்கி, பெயரையும் பிடுங்கிவிட்டான். உலகச் சாதனையாளர் புத்தகத்தில் என்னைச் சேர்க்கப் போகிறானாம். தூ.

நவம்பர் 11, புதன்

அதே குப்பை மகாலிங்கம் அண்ணனுக்கும். ஆபீசின் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவர், அடுத்த மாதம் ஓய்வு. "டியர் மிஸ்டர் ஏ/எல்". ஏ/எல் என்றால் மகன், அதையே பெயராக்கிவிட்டான். சிரிப்பார் என்றுதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார்.

"தங்கச்சி, அமெரிக்காக்காரனுக்கு நம்மளத் தெரிஞ்சிருக்கு பாரு லா!"

"பேரே தப்பா இருக்கு அண்ணே."

"அவன் வாயில நம்ம பேரு நுழையாதும்மா."

சரக்குச் சீட்டில் ஒரு எழுத்து பிசகினால் என்னைத் திரும்ப டைப் அடிக்க வைக்கிற மனுஷன்!

வாங்க வேண்டியது: வெங்காயம், சோப்பு, செருப்பு.

நவம்பர் 12, வியாழன்

அந்தப் புத்தகத்துக்கு அனுப்பத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வந்திருக்கிறார். இரண்டு பக்கம். நான் டைப் செய்ய வேண்டுமாம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கு மோர் ஊற்றியது. கப்பல் சாமான் கணக்கில் ஒரு பெட்டிகூடத் தவறாதது. ஜெலுத்தோங்கில் சொந்த வீடு. இதையெல்லாம் எவன் கேட்டான்? உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தேன். மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். புத்தி!

நவம்பர் 13, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

டீ நேரத்தில் எல்லாரிடமும், "புத்தகம் வந்தா ஆபீசுக்கு ஒண்ணு தர்றேன் லா" என்றார். எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வந்ததைக் கொண்டுவந்து உரக்கப் படித்தேன். பிறகு கணக்குப் பிரிவுக்கு வந்ததை: "டியர் மிஸ்டர் அக்கவுண்ட்ஸ், தங்கள் வாழ்நாள் சாதனை..." ஆபீசே சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிஸ்டர் ஏ/எல்! மிஸ்டர் ஏ/எல்!" என்று கூப்பிட்டார்.

அண்ணனும் சிரித்தார். தனக்கு வந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போகும்போது என் மேசை அருகே நின்றார்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

சொன்னேனே. புதன்கிழமையே சொன்னேனே. கேட்டாரா?

நவம்பர் 14, சனி

அரை நாள் வேலை. அவர் வரவில்லை. பத்து மணிக்கு அவர் மனைவி போனில்.

"ஏம்மா, அந்தக் கடுதாசிய அனுப்பிட்டியா? மாப்பிள வீட்ல கேக்குறாங்க."

"அவர்கிட்டயே கேளுங்கக்கா."

"நேத்துலேர்ந்து வாயே திறக்கல. ஆபீசுல என்னம்மா நடந்துச்சு?"

தெரியாது என்றேன். பொய். மடையர் பட்டியலில் என் பெயரையும் சேர்க்க வேண்டும்.

நவம்பர் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று நாலு விதமாக யோசித்தேன். நாலும் அசிங்கம்.

நவம்பர் 16, திங்கள்

மறுபடி மழை. எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பையைக்கூட இறக்காமல் நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"அண்ணே..."

தாளிலிருந்து நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"குட் மார்னிங், மிஸ் தேவகி. சொல்லுங்க."