அவன் தமிழில் சொன்னது

8 மார்ச் 1985, வெள்ளி. இர்விங்

நாளை விடியற்காலை கிளம்பவேண்டும். ஜியாலஜி மாணவர்கள் ஒன்பது பேர், பிக் பெண்ட் பாலைவனத்தில் ஐந்து நாள் நடை. குழுவை நடத்திப்போக ஒரு பெண்ணை அனுப்புவது இதுதான் முதல் தடவை என்று பேராசிரியர் வெல்டன் இரண்டு தரம் சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஹால் முழுக்க என் மூட்டைகள். ரூம்மேட் தவமலர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள். அவளைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன் குழுவில் இருக்கிறான் – செல்வராஜா. ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறவன். என்னை அக்கா என்கிறான்.

12 மார்ச், செவ்வாய்

கால் முழுக்க முள். நாளை பத்து மைல், மலை முகடு வரை.

14 மார்ச், வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்றுக் காலை எட்டரைக்கே வெயில் சுட்டது. ஒரு மைல்கூடப் போயிருக்கமாட்டோம். செல்வராஜா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, தண்ணி காணாது. திரும்பிப் போய் வண்டியிலை இருக்கிறதையும் எடுத்துக்கொண்டு வருவம்."

திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும். முகடு ஏற முடியாது. வெல்டனிடம் என்ன சொல்வது? "ஒண்ணும் ஆகாது. மேல ஊத்து இருக்கு, மேப்ல போட்டிருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றேன்.

ஊற்று வறண்டு கிடந்தது. ஈரமண்கூட இல்லை.

இறங்கும்போது மூன்று மணிக்கு அவன் விழுந்தான். நாங்கள் பொறுக்கிய கற்கள் பாதிக்குமேல் அவன் முதுகில். வியர்வையே இல்லை, உடம்பு கொதித்தது. இரண்டு பேர் ஓடிப்போய் ரேஞ்சரைக் கூட்டி வந்தார்கள். கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர்.

18 மார்ச், திங்கள். இர்விங்

பிழைத்துவிட்டான். கிட்னியும் தேறுகிறது.

வெல்டன் கேட்டார், அவன் உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று. தமிழில் ஏதோ சொன்னான், அவர்கள் இலங்கைத் தமிழ் வேறு மாதிரி, தண்ணி 'காணாது' என்றான், ஊற்று எங்கே, கண்ணில் படவில்லையே என்கிறானென்று நினைத்தேன் என்றேன். வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

26 மார்ச், செவ்வாய்

தவமலர் எப்படியோ கேள்விப்பட்டுவிட்டாள். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உனக்கு விளங்கேல்லையோ? ரெண்டு வருஷமா நான் கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்ல, நீதானே எடுத்துத் தாறனீ?"

அவர்கள் காணாது என்றால் போதாது என்று அர்த்தம். அவள் சாப்பிடாமல் உள்ளே போய்விட்டாள்.

9 ஏப்ரல், செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்தது. "மாணவர் தன் கவலையைக் குழுத்தலைவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் தெரிவிக்கவில்லை." அவனுக்குக் கோர்ஸில் ஃபெயில். ஃபெயில் ஆனால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் – எனக்குத் தெரியாதா அது? செல்வராஜா நியூ ஜெர்ஸியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டானாம்.

ஏன் தமிழில் சொன்னான்? மற்ற எட்டு பேர் முன்னால் என்னைத் தப்பு என்று சொல்லக்கூடாது என்றுதானே! அதற்குத்தான் தண்டனை.

22 ஏப்ரல், திங்கள்

வெல்டனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். முதலில் கதவைச் சாத்தினார். "ஐந்து வாரமாக வாயைத் திறக்கவில்லையே" என்றார். இனி எந்தக் குழுவோடும் நான் போகமுடியாது. அறிக்கையைத் திருத்துவார்கள். வெளியே வந்து காரில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

தவமலர் தேடிக்கொடுத்த நம்பர். அவனே எடுத்தான்.

"அக்காவோ! எப்படி இருக்கிறியள்?" – குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சொன்னேன். அன்றைக்கு நீ சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது, பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில்.  

"உங்களுக்கு விளங்கேல்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்" என்றான்.

அப்புறம், "சரி அக்கா. வைக்கிறன்."

அவனுக்காகச் சொன்னேனா? இல்லை எனக்காகவா? அவனிடம் நல்லதாக மிஞ்சியிருந்தது அக்காவுக்குப் புரியவில்லை என்ற அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் நானே...

6 ஜூன், வியாழன்

கோர்ஸில் பாஸ் போட்டுவிட்டார்கள். ஸ்காலர்ஷிப்பும் திரும்பக் கிடைக்கும், செப்டம்பரில் வரலாம். கடிதம் அனுப்ப முகவரி இல்லை என்று ஆபீஸில் என்னிடம் கேட்டார்கள். ஃபோன் பண்ணினேன். அவன் அத்தை (அவர்கள் வழக்கில் மாமி) பத்மராணி ஆன்ட்டி எடுத்தார். பெயரைச் சொன்னேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்று ரிசீவரைக் கையால் பொத்தினார். பொத்தியும் கேட்டது. "இல்லையெண்டு சொல்லுங்கோ மாமி" – அவன் குரல்தான்.

"அவன் வேலைக்குப் போட்டான் பிள்ளை."

"பரவாயில்ல ஆன்ட்டி. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். சரிதானா என்று ஒரு தடவை திருப்பிப் படித்தேன்.