அறுநூற்றுப் பதினோரு பொய்யோலைகள்

நீர் நிலைக்க. நெல் விளைக. செங்கோல் கோணாதிருக்க.

ஏழு மலையும் ஒரு கடலும் எல்லையாக, எழுபத்திரண்டு ஊரும் தம் குடைநிழலில் உறங்கி எழ, வாகைமூதூரில் வீற்றிருந்து அருளும் தென்வாகை நாட்டு வேந்தர், அடலேறு பெருவாகைச் சேந்தனார் திருமுன்புக்கு, சேலாற்று வடகரை மணற்றுறை ஊர்ச்சபையின் ஓலைநாயகமும், எண்பத்து மூன்று வயது நிரம்பியும் இளங்காரி என்றே இன்றளவும் அழைக்கப்படுபவனுமாகிய அடியேன் நிலந்தோய வணங்கி எழுதிக்கொள்ளும் ஓலை.

தங்கள் திருமேனியும், பட்டத்தரசியார் திருமேனியும், பட்டத்து யானையின் வயிறும் நலமென்று கேட்க விழைகிறோம். இவ்விடம் நலமில்லை.

இவ்வோலையோடு, மெழுகால் வாய் அடைத்த மண்குடம் ஒன்றும், வெண்காடன் என்னும் சமையற்காரர் ஒருவரும் யானைமீது வருகின்றனர். ஓலையின் கடைசி வரி வாசித்து முடியும்வரை குடத்தைத் திறக்கவேண்டாம் என்பதே அடியேனின் முதல் விண்ணப்பம். காரணம் பின்னே வரும்.

சென்ற தைத்திங்களில் தங்கள் திருவாணை வந்தது. ஒவ்வோர் ஊரும் தான் நாள்தோறும் விரும்பி உண்ணும் கடை எது, நாள்தோறும் விரும்பிக் கேட்கும் செய்தி யார் வாய்ச்செய்தி என்பதைக் குடவோலையிட்டுத் தேரவேண்டும் என்றும், வென்ற இருவரும் பட்டும் பரிவட்டமும் பெற்று ஆயுள் உள்ளவரை அரண்மனையிலேயே தங்கவேண்டும் என்றும், முதலிடம் பெற்றவர் வர இசையாவிடில் அடுத்த இடம் பெற்றவர் வரவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அன்பில் பிறந்த ஆணை என்பதில் ஐயமில்லை. அன்பில் பிறந்த ஆணைகளுக்குத்தான் இவ்வூர் மிகவும் அஞ்சுகிறது.

ஏனெனில், தங்கள் தந்தையார் வேட்டைக்கு வந்த காலத்தில் எங்கள் பிட்டுக்காரர் ஓதியனின் பிட்டை ஒரு வாய் உண்டு, மெச்சி, அவரைக் கையோடு அழைத்துச் சென்றார். அரண்மனையில் அப்பிட்டு அடுக்களையிலிருந்து புறப்பட்டு, ஏழு சுவைஞரின் நாவைக் கடந்து, மூன்று முற்றம் தாண்டிப் பொற்றட்டில் வந்து சேர்ந்தபோது ஆறிக் கல்லாகியிருந்தது. இதையா மெச்சினோம் என்று தந்தையார் தம்மையே வியந்துகொண்டாராம். ஓதியன் இப்போது தங்கள் பண்டகசாலையில் ஏலக்காய்க்குக் காவல் இருக்கிறார். அவருக்கும் நிறைவில்லை, ஏலக்காய்க்கும் ஆபத்தில்லை. மணற்றுறையில் மட்டும் பதினான்கு ஆண்டுகளாகப் பிட்டு இல்லை.

எஞ்சியிருப்பது கொன்றையாளின் பணியாரக் கடை ஒன்றே. படகுத்துறையில், இரண்டு பலகையும் ஒரு சட்டியும் கொண்ட கடை. முப்பது ஆண்டுக்கு முன் வடபுலத்துப் படை அக்கரையில் இறங்கியபோது, காற்று மாறி இந்தப் பணியாரத்தின் வாசம் அங்கே சென்றது. படைத்தலைவன் தூதனுப்பி, காலையுணவுக்குப் பிறகு போரை வைத்துக்கொள்ளலாமா என்று பணிவுடன் கேட்டான். உண்டபின் அவர்களுக்குப் போர் நினைவில்லை. அந்நாளில் சட்டிமுன் இருந்தவர் கொன்றையாளின் தாய். அடியேன் கண்ணால் கண்டேன். மறுத்துரைப்பார் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை.

அக்கடையிலேயே எங்கள் செய்தியும் கிடைக்கும். படகோட்டி சாத்தன் முதல் நடையை முடித்துக் கரையேறி, முதல் பணியாரம் இலையில் விழுந்ததும் வாய் திறப்பார். ஆற்றைக் கடக்கும் எவரும் தம் ஊர்க் கதையைப் படகில் இறக்கிவைக்காமல் இறங்குவதில்லை என்பதால் அவருக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆயினும் நாளுக்கு மூன்றுதான் சொல்வார். அம்மூன்றில் ஒன்று பொய். எது பொய் என்று முதலில் சுட்டுபவருக்குக் கொன்றையாள் ஒரு பணியாரம் கூடுதலாக வைப்பார். இந்த வழக்கத்தினால் மணற்றுறையார் கேட்டதையெல்லாம் நம்பும் பழக்கத்தைப் பால்பற்களோடு உதிர்த்துவிடுகின்றனர்.

இவர்கள் இருவரையும் அரண்மனைக்கு விடுவதா? ஊரார் ஒருவரோடொருவர் கலந்து பேசவில்லை. அதுவே பிழையாயிற்று. அடுப்புக்கு ஓர் ஓலை என்பது எங்கள் முறை. அடுப்புகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொருவரும், மற்றவர் எல்லாம் கொன்றையாளின் பெயரைத்தான் எழுதப்போகிறார்கள், நானாவது ஒரு வாக்கைக் குறைப்போம் என்று எண்ணி, நினைவுக்கு வந்த மிகக் கேடான கடையின் பெயரைக் கீறிக் குடத்தில் இட்டனர். மிகக் கேடான கடை எது என்பதில் மணற்றுறையில் என்றும் இரண்டு கருத்து இருந்ததில்லை.

அதுவே மேலவீதியிலுள்ள வெண்காடனின் உணவுச்சாலை. இருபது ஆண்டுகளாக நடக்கிறது. ஊரை அறியாத வழிப்போக்கர் ஆளுக்கு ஒருமுறை உண்பர். அவர் செய்த கொழுக்கட்டை ஒன்றை ஏரிமதகின் வெடிப்பில் வைத்து அடைத்து ஒன்பது ஆண்டு ஆகிறது; இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை. அவர் காக்கைக்கு வைத்த சோற்றைக் காக்கை எடுத்துச் சென்று, யோசித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்ததை அடியேன் பார்த்தேன். ஆனால் உடம்பு முடியாதவர் வீட்டுக்கு விறகு சுமந்து போடுபவரும், வெள்ளத்தில் முதலில் கயிறு எடுத்து ஓடுபவரும் அவரே. இதனால்தான் எங்கள் துன்பம் இரட்டிப்பாகிறது.

குடத்தை உடைத்து எண்ணினேன். வெண்காடன், அறுநூற்றுப் பதினொன்று. கொன்றையாள், ஒன்று. அந்த அறுநூற்றுப் பதினொன்றில் ஒன்று அடியேனின் கையெழுத்து.

செய்திக்கான குடத்திலும் இதே கதை. அரசுமுரசு அறையும் இடிமுழக்கனாருக்கு ஊரே வாக்களித்திருந்தது. போன வெள்ளத்தை இந்தக் கோடையில் அறிவித்து எங்களை மேட்டுக்கு ஓடவைத்தவர் அவர். அவர் மகிழ்ச்சியோடு முன்னமே புறப்பட்டுத் தங்களிடம் வந்து சேர்ந்திருப்பார். இங்கு நடந்ததை அவர் அறிவிக்க இன்னும் ஓராண்டு ஆகும் என்பதால் தாங்களே இவ்வோலையை வாசித்துக்கொள்ளுதல் நலம்.

முடிவைக் கேட்ட சபையில் ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நீயுமா, நீயுமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டனர். வெண்காடன் எண்ணிக்கையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த ஒரே ஓலை மட்டும் வேறு பெயரா என்று கேட்டார். ஆம் என்றேன். தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கிற்று. பின் எழுந்து, இத்தனை அன்பு வைத்த ஊரை விட்டுத் தாம் எங்கும் வருவதற்கில்லை என்று தங்கள் தூதரிடம் சொன்னார். தூதரும், அப்படியானால் பதினைந்தாம் நாள் யானை வரும், அடுத்த இடம் பெற்ற பணியாரக்காரியை ஏற்றி அனுப்புங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

வேந்தே, ஒரே ஒரு வாக்குப் பெற்று ஒரு பெண் தோற்று, அத்தோல்வியாலேயே அரண்மனைக்குப் போகவேண்டி வந்தது தங்கள் நாட்டில் இதுவே முதல்முறையாக இருக்கும்.

கொன்றையாள் அழவில்லை. மறுநாள் அவர் சட்டியை மூன்று முறை கழுவினார் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்குக் கைக்குழந்தை ஒன்றும், கண் தெரியாத மாமனார் ஒருவரும் உண்டு.

வெண்காடனிடம் உண்மையைச் சொல்லவேண்டும், சொன்னால் அவர் போவாரோ, மனம் முறிவாரோ என்று சபை கலங்கியது. சொல்லும் பணி வயதில் மூத்தவன் என்று அடியேன் தலையில் விழுந்தது. மூன்று நாள் போனேன். மூன்று நாளும் வாய் திறக்கும் முன் இலை போட்டுவிட்டார். அவர் புளிக்குழம்பு வாய்க்குள் இருக்கையில் எந்த உண்மையும் வெளியே வராது. விரும்பி உண்பதாக ஓலையிட்டுவிட்ட ஊராரும் வேறுவழியின்றி நாள்தோறும் அங்கே உண்ணத் தொடங்கினர். தமக்கு வாக்களித்தவர் எல்லாருக்கும் அவர் இலையை எடுத்துக்கொண்டு வீடுவீடாகவும் வந்தார். சுவை தேறிற்றோ என்று கேட்பீர்கள். தேறவில்லை. இருபது ஆண்டாகக் காலியாய்க் கிடந்த பலகைகளில் மட்டும் ஆட்கள் அமர்ந்து, குழம்பைத் தள்ளிப்போடும்பொருட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். அப்பேச்சைக் கேட்டபடி அவர் பரிமாறிக்கொண்டே நின்றார்.

பதின்மூன்றாம் நாள் காலை அடியேன் துறையிலிருந்தேன். வெண்காடன் வந்து பலகையில் அமர்ந்தார். அவர் வருவதில் புதுமையில்லை. இருபது ஆண்டுகளாகக் காலையுணவு அவருக்கு இங்கேதான். தம் கடையில் அவர் உண்டதை ஒருவரும் கண்டதில்லை. இதை நாங்கள் எல்லோரும் அறிவோம். அறிந்தும் ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

சாத்தன் கரையேறினார். முதல் பணியாரம் விழுந்தது. அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். முதல் செய்தி, மேலணையில் மதகு திறந்துவிட்டார்கள். இரண்டாவது, அரசர் யானை காராம்பட்டி தாண்டிவிட்டது. மூன்றாவது, வெண்காடன் சமையலின்மேல் கொண்ட ஆசையால் அறுநூற்றுப் பதினோரு பேர் அவருக்கு வாக்களித்தார்கள் என்றார்.

அடியேன் செய்யத் தவறியதை அவர் செய்துவிட்டார். பலகையில் இருந்த பதினெட்டுப் பேரும் இலையைப் பார்த்தோம். பணியாரம் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் பாட்டன் பெயரையே பொய் என்று சொல்லும் ஊர் இது. அன்று ஒருவர் விரலும் எழவில்லை.

வெண்காடன் வாயிலிருந்ததை விழுங்கினார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்; ஓலை இலக்கணம் பொறுத்தருள்க.

"மூணாவதுதான் பொய், சாத்தண்ணே. தங்கச்சி, அந்தப் பணியாரத்தை இங்க வையி."

கொன்றையாள் வைத்தார். உனக்கு எப்போது தெரியும் என்று அடியேன் கேட்டேன்.

"நீங்க எண்ணி முடிச்சப்பவே தெரியும், ஓலைக்காரரே. அந்த ஒத்த ஓலை என்னோடது. நல்ல சாப்பாட்டுக்குத்தானே ஓலை போடச் சொன்னாங்க, நான் நெசமாத்தான் போட்டேன். ஊர்ல நெசம் போட்டவன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சப்ப சிரிப்பு தாங்கல."

அன்று குலுங்கிய தோள் அழுகையால் குலுங்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அப்படியானால் ஏன் போகமாட்டேன் என்றாய், ஏன் எங்களை இந்தப் பாடு படுத்தினாய் என்று பின்னாலிருந்து ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி கேட்டார்.

"எத்தனை நாளைக்குத்தான் தின்பீங்கன்னு பார்த்தேன். பன்னெண்டு நாள் தின்னுட்டீங்களேய்யா." அவர் இலையை மடித்தார். "யானை வரட்டும், நான் ஏறிக்கிறேன். இவ பேரைக் காட்டிக்கொடுத்தது என் ஓலைதானே. இவ இங்கயே இருக்கட்டும்."

அரசர் அந்தக் குழம்பை உண்டால் உன் தலை தப்புமா என்று சாத்தன் கேட்டார். அதற்கு அவர், ஏழு பேர் சுவை பார்ப்பார்களாமே, அரசர்வரை வந்து சேராது என்றார்.

யானை நேற்று வந்தது. இன்று விடியலில் அவர் ஏறும்போது அறுநூற்றுப் பதினோரு அடுப்புக்காரரும் துறையில் நின்றோம்; இவ்வோலை முடியும்வரை யானையை நிறுத்திவைத்திருக்கிறோம். கொன்றையாள் மட்டும் ஒரு பொட்டலத்தை மேலே நீட்டினார். வழிக்கு என்றார். அவர் தம் குழம்பைக் குடத்திலும் அப்பொட்டலத்தை மடியிலும் வைத்துக்கொண்டார்.

ஆகவே வேந்தே, பொய்யோலை இட்ட குற்றம் எங்களுடையது. அவரை ஏழு சுவைஞரின் முன் நிறுத்தவேண்டாம். தண்டம் உண்டெனில் எங்களை வந்து தண்டிக்க. ஆனால் வருவதானால் காலையில், குடையும் சுவைஞரும் இன்றி வருக. ஆற்றைச் சாத்தன் படகில் கடந்து பலகையில் அமர்க. பணியாரம் சட்டியிலிருந்து இலைக்கு ஒரு முழம். அந்த ஒரு முழத்தை மூன்று முற்றமாக்கினால் அது பணியாரம் ஆகாது. எழுபத்திரண்டு ஊரின் விருப்பமும் அவ்வவ்வூர்த் துறையிலும் தெருவிலும்தான் சூடாக இருக்கும். சாத்தனின் மூன்று செய்தியில் பொய்யைத் தாங்கள் முதலில் சுட்டினால் கூடுதல் பணியாரம் தங்களுக்கே. அரசர் என்பதற்காக அது கிடைக்காது.

யானைப்பாகனுக்கு ஓலைநாயகத்தின் கட்டளை: வேந்தர் இசைந்தருளினால், வெண்காடனை ஆற்றில் புதுநீர் வருமுன் இதே யானையில் திருப்பிக் கொண்டுவந்து விடுக. மேலவீதியில் அவருடைய பலகைகளை அதுவரை நாள்தோறும் முறைவைத்துத் துடைத்து வருவோம். சாத்தன் அன்று சொன்ன மூன்றாம் செய்தியில் சமையல் என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் இப்போது மெய்.

இது மணற்றுறை ஊர்ச்சபையின் கயல் இலச்சினை இட்டு, இளங்காரி எழுத்து.

இனிக் குடத்தைத் திறக்கலாம். உண்பதும் உண்ணாததும் திருவுளம். நாங்கள் பன்னிரண்டு நாள் உண்டோம்.