நேரில் பார்க்க வேண்டிய முகம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாய், நான் இந்தப் பக்கம் “கேக்குதா, கேக்குதா” என்று கத்துகிறேன். ஆகவே சொன்னபடி கடிதம். நான்காவது மாடியில் அறை. லிஃப்ட் கிடையாது. அத்தானிடம் சொல், லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு இந்தத் தெருவில் பிழைப்பே இல்லை.

இருபது வருஷமாக மாணவர்களுக்குப் படத்தில் காட்டிக்கொண்டிருந்த சிலையை இன்று நேரில் பார்த்துவிட்டேன். தலை கிடையாது, கை கிடையாது. சிறகை விரித்துக்கொண்டு மாடிப்படியின் உச்சியில் ஒரு பெண் நிற்கிறாள். படத்தில் பார்த்தபோதெல்லாம் இதற்குப் போய் இத்தனை பேச்சா என்று நினைத்திருக்கிறேன். கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உடுப்பு காற்றில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கல்லில். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவு திறக்கும்போதே போய்விட வேண்டும். நேரம் கழித்துப் போனால் அடுத்தவர் தூக்கிப் பிடித்த போனைத்தான் பார்க்கலாம். நேரில் பார்க்காத சிற்பம் பார்க்காத சிற்பம்தான். இத்தனை நாள் நான் வகுப்பில் அளந்ததெல்லாம் புளுகு.

என் பட்டறையில் நான் செய்துகொண்டிருக்கும் வாலுவின் மண் தலைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளி. பாதி முகம் வந்திருக்கிறது. மண் காய்ந்தால் வெடித்துவிடும். துணிமேலேயே தெளி, துணியைத் தூக்கிப் பார்க்காதே. முடியாத வேலையை யாராவது பார்த்துவிட்டால் எனக்கு அப்புறம் கை ஓடாது. இந்தப் பெரிய ஆட்கள் முகத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நாலு இடத்தில் பார்த்துவிட்டு வந்து முடித்துக் கொடுக்கிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பி,

மருந்துக்கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் ஒருவர் வந்து இருமல் மருந்தில் எது இனிப்பாக இருக்கும் என்று கேட்டு என் பொறுமையைச் சோதித்துவிட்டுப் போனார். வரி கோணலாக இருந்தால் அவரைத் திட்டு.

கடைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் தெளித்துவிடுகிறேன். தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்து அவனிடம் பேசுவேன். அத்தான் பட்டறை வாசலோடு சரி. “நீ போயிட்டு வா, நான் வண்டிகிட்ட நிக்கிறேன்” என்பார். மழை பெய்தாலும் வண்டியிடம்தான் நிற்பார்.

என் பிள்ளை வாலு வண்டியோடு அடிபட்டுப் போய் வருகிற ஜூனில் இரண்டு வருஷம். வீட்டில் படத்துக்குக் குறைவில்லை. ஆனால் கேமராவைக் கண்டால் அந்தப் பயல் மூஞ்சியைக் கோணாமல் நின்றதே இல்லை, உனக்குத் தெரியாதா. கையால் தடவிப் பார்க்க ஒரு முகம் இருந்தால் போதும் என்றுதான் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவன் தாய்மாமன் நீ, நீ செய்யாமல் யார் செய்வது. இடது காது கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அழகாக்குகிறேன் பேர்வழி என்று அதை ஒட்டி வைத்துவிடாதே.

எப்போது வருவாய் என்று ஒரு வார்த்தை இல்லையே உன் கடிதத்தில்? இந்தப் பயணத்துக்கு உதவித்தொகை கொடுத்தவர்கள்கூடத் தேதி கேட்டிருப்பார்கள், அக்கா கேட்கக்கூடாதா?

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. இன்னும் ஓரிடம், அல்லது இரண்டிடம்.

வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு பெரிய வழிபாட்டு இடத்தில், வாசலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம், இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். பளிங்கு. கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். முன்னால் எப்போதும் இருநூறு தலை. ஓரமாக ஒரு தூண் இருக்கிறது, அதை ஒட்டி நின்றால் அவன் கை தொங்குவது தெரியும். அந்தக் கையில் நரம்புகூட இருக்கிறது அக்கா. உலகத்தில் ஒரே ஒரு சிற்பம்தான் நேரில் பார்க்கக் கிடைக்கும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. மகனைவிட அம்மா வயதில் சின்னவளாக இருக்கிறாள். செத்தவன் முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. மூன்று நாள் போனேன், மூன்று நாளும் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். பக்கத்தில் நின்றவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்து, பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து வழிவிட்டார்.

தண்ணீர் தெளிக்கிறாய்தானே?

உன் தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

தெளித்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

போன வாரம் துணியில் பூஞ்சை பிடித்து நாற ஆரம்பித்துவிட்டது. என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக்கொண்டு போய் மாற்றினேன். நீ பார்க்காதே என்றாயே, அதனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் மாற்றினேன். பைத்தியக்காரி என்று சொல், பரவாயில்லை. பழைய துணியை உரித்துப் போட்டுவிட்டுப் புதுத் துணியை மேலே இருந்து சுற்றிக்கொண்டு வந்தேன். கையில் மூக்கு தட்டுப்படவில்லை. முதலில் பின்மண்டைப் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்தேன். சுற்றி வந்தேன். எந்தப் பக்கத்திலும் மூக்கு இல்லை.

அப்புறம் கண்ணைத் திறந்தேன். கம்பிமேல் ஒரு மண் உருண்டை. அதில் உன் கட்டைவிரல் பதிந்த இரண்டு குழி. இதுதான் பாதி முகமா? இத்தனை நாளும் ஒரு மண் உருண்டையிடம் “சாப்ட்டியாடா, இன்னிக்கு வெயில் தாங்கலடா” என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தான் உள்ளே வந்து பார்த்தார். முதல் தடவையாக உள்ளே வந்தார். கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

செய்ய முடியாது என்றால் முடியாது என்று சொல்லியிருக்கலாமே. என்னை ஏன் தண்ணீர் தெளிக்க வைத்தாய்?

நீ பார்த்த அந்தத் தாய்மேல் உனக்கு என்ன எரிச்சல்? அவளையாவது மகனை மடியில் போட்டுக்கொள்ள விட்டார்களே.

உன் அக்கா

மே 4

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

செய்யப் பார்த்தேன். மூன்று தடவை மண் ஏற்றி மூன்று தடவை வழித்துப் போட்டேன். நாலாவது தடவை ஏற்றியது நீ பார்த்தது. சிரிக்கிற வாலுதான் வேண்டும் என்று படத்தை முன்னால் ஒட்டிவைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். கட்டைவிரலை வைத்ததும் மண்ணில் அவன் கண் மூடிக்கொள்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த முகம்தான் வருகிறது, வேறு எதுவும் வருவதில்லை. உன்னிடம் இதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் பாதி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டேன். நான் கோழை.

இப்போது இருக்கும் ஊரில் ஒரு முழுப் பாறையில் படுத்த நிலையில் ஒரு துறவியைச் செதுக்கியிருக்கிறார்கள். பத்து ஆள் நீளம் இருக்கும். கண் மூடியிருக்கிறது. தூக்கமா, போய்விட்டாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. தலையணை தலையின் பாரத்தில் அமுங்கியிருப்பதைக்கூடக் கல்லில் காட்டியிருக்கிறான். வெயில் சாய்ந்தபின் போனால் நிழல் விழுந்து மூச்சு விடுவதுபோல இருக்கும். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து, என்னைப் பார்த்துத் தமிழிலேயே, “நேரமாச்சுங்க, நாளைக்கும் இங்கதான் இருப்பாரு” என்றார்.

கண் மூடிய முகத்தை உன் கையில் எப்படிக் கொடுப்பேன், நீயே சொல்.

உன் தம்பி

மே 19

தம்பிக்கு,

கேட்கிறாய், சொல்கிறேன். அந்த முகத்தைத்தான் கொடு.

ஊர் ஊராகப் போய், நேரில் பார்க்காதது பார்க்காததுதான் என்று எழுதுகிறாய். என் பிள்ளையை நான் நேரில் பார்த்தேனா? அன்றைக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தேன். நீ கதவை மறித்துக்கொண்டு நின்றாய். “பாக்காதக்கா. வேணாம். அவன் முகம் உன் மனசுல நல்லபடியா இருக்கட்டும்” என்றாய். நீ சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நின்றுவிட்டேன். வெளியூர் வேலையிலிருந்து மறுநாள் வந்த அத்தானும் உன் பேச்சைக் கேட்டுத் தள்ளி நின்றார். பெட்டியை மூடியே கொண்டுவந்தாய், மூடியே கொண்டுபோனாய். பெற்றவர்கள் இரண்டு பேரும் மரப்பெட்டியைப் பார்த்து அழுதோம்.

லாரியில் மோதினான் என்றார்கள். நீ பார்க்க விடவில்லை. மிச்சத்தை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு கோரமாக இருந்தாலும் பரவாயில்லை தம்பி. பத்து மாதம் சுமந்தவள், எதையும் பார்ப்பேன். உன் கை செய்யாவிட்டால் போகட்டும், வாயால் சொல். மூக்கு இருந்ததா? கண் இருந்ததா? ஒன்றையும் மறைக்காதே. இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று இத்தனை நாள் அடக்கிக்கொண்டேன்.

உன் அக்கா

ஜூன் 2

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா.

ஒரு கீறல்கூட இல்லை. நீ கத்திக் கத்தி வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டைப் போட்டிருந்தான். அடி பட்டது நெஞ்சில். அதுவும் வெளியே தெரியவில்லை. முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குவானே, அப்படி. வலது கண் முழுசாக மூடவில்லை. தாடையில் ரோட்டு மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் தாடி. அவ்வளவுதான். நர்ஸ் துணியை விலக்கியபோது, “டேய், எழுந்திருடா” என்றுதான் எனக்கு வாயில் வந்தது.

அவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஓடி வருகிற சத்தம் வராந்தாவில் கேட்டது. அவனை அப்படிப் பார்த்தால் நீ எழுப்பப் பார்ப்பாய், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். கதவில் போய் நின்றுவிட்டேன். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பெட்டியையும் மூடச் சொன்னேன். உனக்காகச் செய்கிறேன் என்றுதான் நம்பினேன். இப்போது எழுதும்போது அது எனக்காகச் செய்தது என்று தெரிகிறது.

இனிமேல் என்னால் செய்ய முடியும் அக்கா. கண் மூடியபடியே, பார்த்தது பார்த்தபடி செய்து கொடுக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார். அடுத்த ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வா என்று ஒரு வரி எழுது, அன்றைக்கே கிளம்புகிறேன்.

உன் தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

கவரைப் பிரிக்க எனக்குத் துணிவில்லை. அத்தான்தான் பிரித்துப் படித்தார். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற இடத்தில் நிறுத்தினார். மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது.

இரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் அவன் முகம் நசுங்கித்தான் வரும். ஒரு நாள் கண் இருக்காது. ஒரு நாள் தாடை இருக்காது. நீ ஒன்றும் செய்யவில்லை, நீ கதவைத்தான் மூடினாய். உள்ளே இருந்து என் பிள்ளை முகத்தைத் தினம் தினம் உடைத்தது நான். நல்ல முகம் இருந்திருக்கிறது. அது அப்படியே உள்ளே இருக்க, பெற்றவள் வாசலில் நின்றிருக்கிறேன்.

நீ பயந்ததுபோல நான் அவனை எழுப்பியிருக்க மாட்டேன். தாடையில் இருந்த மண்ணைத் துடைத்திருப்பேன். அந்தக் கண்ணை மூடிவிட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு ஒரே ஒரு தடவை கிடைக்க வேண்டியது. இனி எந்தக் கல்லில் செய்து கொடுத்தாலும் அது அவன் இல்லை.

நேற்று ராத்திரி நீ எழுதியபடியே அவனை நினைத்துப் பார்த்தேன். ஒட்டிய முடி, திறந்த வாய், எல்லாம் வந்தது. ரொம்ப நாள் கழித்துத் தூங்கினேன். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மனசு வரவில்லை.

பட்டறைச் சாவியைப் பக்கத்துத் தையல்கடையில் கொடுத்திருக்கிறேன். மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டேன். பார்க்க வேண்டிய சிலைகள் இன்னும் இருக்கும், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வா. ஊருக்கு வந்தால் இந்த வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் அந்தக் கதவுதான் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா