ஜன்னல் வைத்த கொட்டகை

லைப்சிக்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

யாகோடாவின் வணக்கம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். மருத்துவமனை வேலையும் பழகிவிட்டது.

நான் குத்தகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் தகரக் கொட்டகை ஒன்று வைத்திருந்தேன் அல்லவா? போன வாரக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து ரூடிகர் ஐயா வேலிக்கு அப்பாலிருந்து, "ஏம்மா, உன் கொட்டகை என் முட்டைக்கோஸைப் பார்க்க வந்திருக்கு. காபி போடட்டுமா?" என்று கத்தினார்.

நேற்று அவரே என்னைக் காரில் கடைக்கு அழைத்துப் போனார். பிளாஸ்டிக் கொட்டகைதான் உளுத்துப்போகாது என்று அடம்பிடித்தார். நானோ ஜன்னல் வைத்த பைன் மரக் கொட்டகைக்குள் நுழைந்தவள் வெளியே வரவில்லை. நம் ஊர் டோருனில் நீங்கள் கட்டிய கொட்டகையின் அதே பிசின் வாசனை.

"மண்வெட்டிக்கு எதுக்கும்மா ஜன்னல்? வேடிக்கை பார்க்கவா?"

"மழை வந்தா எங்கப்பாவும் அம்மாவும் உள்ள உட்கார்ந்து தக்காளிச் செடியைப் பார்த்துக்கிட்டே டீ குடிப்பாங்க, ஐயா. நடுவுல நான் இருப்பேன்."

உடனே அவரே போய்த் தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மாலையில் வந்து, மரக் கொட்டகையைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கித் தந்தார்.

அம்மா போன பிறகு நீங்கள் மூட்டை கட்டி வைத்ததில் அவளுடைய தோட்டத்து ஏப்ரன் இருக்கும். துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள். தக்காளி விதையும் கொஞ்சம்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கடையில் கையை உயர்த்திக் கதவை அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. நீங்கள் குனியாமல் நுழையலாம், அப்பா.

உங்கள்
யாகோடா